பறப்பதற்காகவே ஒரு பயணம்: திருமலையிலிருந்து வெளிக்கிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சீனன்குடாப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, பறப்பதற்காகவே பறக்கும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. விமானப்படையின் பயிற்சி விமானங்கள் குடாவுக்கு மேலே வட்டமடிப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், யாரையும் பார்க்கவோ எதையும் வாங்கவோ இல்லாமல், இரண்டு மூன்று இடங்களில் ஏறி இறங்கி ஒரு வட்டம் பறந்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும் என்று தோன்றும். நான் போயிருக்கிறேன், இன்னும் போவேன். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் ஒரு விமானத்தைத் தவறவிட்டால் பஸ்ஸில் போயாவது தாலி கட்டுவதைப் பார்த்துவிடலாம். நமக்கு அப்படி இல்லை. விமானம் தவறினால், எதற்காக வெளிக்கிட்டோமோ அதுவே போய்விட்டது. அதனால் நாம் கவனிக்க வேண்டிய இடங்களும் கொஞ்சம் வேறு.

எனக்குப் பிடித்த வட்டம் இது: கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி, பிறகு தரைவழியாகத் திருமலை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இண்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும் 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. இப்படியான சிறு வழித்தடங்களின் நேரமும் நாட்களும் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் நண்பர் போன நேரத்தை நம்பித் திட்டம் போடாமல், உங்கள் திகதிக்கு அந்த விமானம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆகப் பெரிய தவறு, தனித்தனி டிக்கெட்டுகளை ஒரே பயணம் போல நினைப்பது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சென்னைக்கு ஒரு நிறுவனம், சென்னையிலிருந்து திருச்சிக்கு வேறொரு நிறுவனம். இடையில் இரண்டேகால் மணி நேரம். போதும் என்று நினைத்தேன். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. சென்னையில் குடிவரவு வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேராவது நின்றார்கள். அது முடிந்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திருச்சி விமானத்தின் கவுண்டர் மூடியாகிவிட்டது. விமானம் அங்கேயே நின்றது, கண்ணாடி வழியாகத் தெரிந்தது. உள்நாட்டு விமானத்துக்கே பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு கவுண்டரை மூடிவிடுவார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள்: “அண்ணா, அந்த டிக்கெட் வேற, இது வேற. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.” அன்றிரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திருச்சி போனேன். பலாலி விமானம் அடுத்த நாள் என்பதால் மிச்சம் தப்பியது.

அவள் சொன்னது சரி. ஒரே முன்பதிவில் இணைப்புப் பயணமாக வாங்கியிருந்தால், முந்திய விமானம் பிந்தி அடுத்தது தவறும்போது வேறொன்றில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. எனவே முடிந்தவரை ஒரே முன்பதிவாக வாங்குங்கள். முடியாவிட்டால் இடையில் ஐந்தாறு மணி நேரம் விடுங்கள், அல்லது ஒரு இரவு தங்குங்கள். காத்திருக்கும் நேரம் வீண் என்று எண்ணாதீர்கள். கண்ணாடி ஓரமாகத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து விமானங்கள் வந்து போவதைப் பார்ப்பதும் இந்தப் பயணத்தில் சேர்ந்ததுதானே? அதோடு, அன்றைய கடைசி விமானத்தை இணைப்பாக எடுக்காதீர்கள். அது போனால் அன்றைக்கு வேறு இல்லை.

ஒரே முன்பதிவிலும் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் ஒன்றில் ஏறாமல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் பெரும்பாலும் ரத்தாகிவிடும். “திருச்சிக்கு ரயிலில் போய், அங்கிருந்து பலாலி விமானத்தைப் பிடிக்கிறேன்” என்று நினைத்தால், அங்கே உங்கள் பெயரே பட்டியலில் இருக்காது. மனம் மாறினால் முதலிலேயே நிறுவனத்தோடு கதைத்து டிக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

விசா விஷயத்தில் பலர் சறுக்குவது, “நான் வெளியே போகப் போவதில்லையே” என்று நினைப்பதால். இலங்கைக் கடவுச்சீட்டோடு இந்தியாவுக்குள் போக விசா வேண்டும். சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏறுவதென்றால் சென்னையிலேயே குடிவரவைத் தாண்ட வேண்டும், பொதி போட்டிருந்தால் அதையும் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். இ-விசா எடுக்கும்போது கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகுமா, இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வட்டம் இந்தியாவை இரண்டு முறை தொட்டால், அந்த விசா இரண்டு முறை நுழைய விடுகிறதா என்றும் பாருங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தக் கரைச்சல் குறைந்த வழி மாலைதீவு. வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசம். தங்குமிடப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் காட்ட வேண்டும், பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். கடலுக்கு நடுவில் ஒரு தீவு முழுக்க ஓடுபாதையாகக் கிடக்கும், அதில் போய் இறங்குவதற்கே போகலாம்.

குடிவரவு அதிகாரி ஏன் போகிறாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். விமானத்தில் பறக்கப் பிடிக்கும், இதோ டிக்கெட், இதோ திரும்பும் நாள், இங்கே தங்குகிறேன். இல்லாத மாமாவைச் சொந்தம் கொண்டாடினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டுவீர்கள். எல்லா டிக்கெட்டையும் தாளில் அச்சடித்து வையுங்கள். இந்திய விமான நிலையங்களில் வாசலிலேயே டிக்கெட்டும் அடையாளமும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், உங்கள் போனுக்கு அந்த நேரம் இணைப்பு கிடைக்காமல் போகலாம்.

இனி இருக்கை. பறப்பதற்காகவே காசு கொடுத்துவிட்டு நடு இருக்கையில் உட்கார்ந்து வருவதைப்போல மனம் நோகும் விஷயம் வேறில்லை. ஜன்னலுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பெரிய ஜெட் விமானத்தின் நடுப்பகுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் இறக்கைதான் தெரியும். முன்னுக்கோ நன்றாகப் பின்னுக்கோ எடுங்கள். எந்தப் பக்கம் என்பதற்கு வெயிலைப் பாருங்கள். காலையில் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு வடக்கே பறக்கும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும், கண்ணாடி கூசும். இடப்பக்கம் இருந்தால், வானம் தெளிந்த நாளில் மன்னாரும் இராமர் பாலத்தின் மணல் திட்டுகளும் கிடைக்கும். திருச்சியிலிருந்து பலாலிக்குப் பின்னேரம் வரும்போதும் இடப்பக்கம்தான். முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் கோடியக்கரையின் முனையும் அந்தப் பக்கம்.

ஏடிஆர் 72 போன்ற காற்றாடி விமானத்தில் கணக்கு வேறு. இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே தெரியும். நடுவில், எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தால் சத்தம் கூடத்தான். ஆனால் மேலெழுந்த உடனே சக்கரம் உடம்புக்குள் மடிந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்காக அந்தச் சத்தத்தை நான் சந்தோஷமாகத் தாங்குவேன்.

மாரியில் திகதி போடாதீர்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கீழே முகில்தான் தெரியும், புயல் வந்தால் அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். தடிமன் பிடித்திருந்தாலும் போகாதீர்கள். இறங்கும்போது காது அடைத்து வலித்தால் வலியைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்காது. ஒரு நாளில் மூன்று முறை இறங்கினால் மூன்று முறை அந்த வலி.

கடைசியாக, தரைவழி. கட்டுநாயக்கவுக்குக் காலை விமானம் என்றால் அதற்கு முந்திய இரவு திருமலையிலிருந்து வெளிக்கிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை குறுக்கே நின்றால் பஸ்ஸும் நிற்கும், ரயிலும் நிற்கும். முதல் நாள் பகலிலேயே போய், விமான நிலையத்துக்குப் பக்கத்து நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்துப் படுங்கள். திரும்பும்போது பலாலியில் இறங்கியதும் போட்டோ எடுக்க அவசரப்பட வேண்டாம், அது விமானப்படை முகாமோடு சேர்ந்த இடம். பின்னேரம் இறங்கினால் திருமலை பஸ்ஸைத் துரத்தாமல் யாழ்ப்பாணத்தில் இரவு தங்கி, விடியவே வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வாருங்கள். பத்திரமாக வைத்திருந்த மூன்று போர்டிங் பாஸையும் அந்த பஸ்ஸில் எடுத்துப் பார்க்க நிறைய நேரம் இருக்கும்.