வீட்ல ரெண்டு இன்டர்நெட் லைன், ஒரே ரவுட்டர்: செட் பண்றது எப்படி

கோலாலம்பூர்ல செந்தூல், கெப்போங் பக்கம் தரை வீட்ல இருக்கிறவங்க யூனிஃபை (டிஎம், அதாவது டெலிகோம் மலேசியாவோட ஃபைபர் இன்டர்நெட்) போட்டுட்டு பேக்கப்புக்கு மேக்சிஸ் ஃபைபர் எடுக்கலாம்னு நெனச்சா மொதல்ல கேபிள் யாரோடதுன்னு கேளுங்க. நெறைய ஏரியால மேக்சிஸ் ஓடுறதே டிஎம் கேபிள்லதான், ரோட்ல குழி தோண்டுறவன் ஒரு வெட்டு வெட்டுனா ரெண்டு பில்லும் கட்டிட்டு ரெண்டு லைனும் இல்லாம உக்காந்திருக்கணும். கொண்டோன்னா டைம் (TIME) கம்பெனி தனியா கேபிள் இழுத்திருக்காங்களான்னு மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல விசாரிங்க. இல்லையா, ஒரு 5ஜி ரவுட்டர் வாங்கிடுங்க, என்னைக் கேட்டா அதுதான் பெஸ்ட்.

ரெண்டு லைன் சேர்ந்தா ஸ்பீடு டபுள் ஆகும்னு மட்டும் நம்பாதீங்க லா. ஒரு டவுன்லோட் சாதாரணமா ஒரு லைன்லதான் போகும், நாலு பேரு ஒரே நேரத்துல யூஸ் பண்ற வீடுன்னாதான் லோட் பேலன்ஸ்ல (ரெண்டு லைனுக்கும் வேலையைப் பிரிச்சு விடுறது) பிரயோஜனம், மத்தவங்களுக்கு ஃபெயிலோவரே (ஒரு லைன் செத்தா தானா இன்னொண்ணுக்கு மாறுறது) போதும்.

ரவுட்டர்ல யூனிஃபை லைனுக்கு பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு கனெக்ட் ஆகுற முறை), விலான் (லைனுக்குப் போடுற டேக் நம்பர்) 500, எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ்) 1492. ரெண்டாவது போர்ட்ல 5ஜி ரவுட்டர், அதுக்கு டிஎச்சிபி (ஐபி அட்ரஸ் தானா கெடைக்கிற முறை) போதும். ஆனா அதுவும் 192.168.1.1, உங்க வீட்டு லானும் (வீட்டுக்குள்ள இருக்கிற நெட்வொர்க்) 192.168.1.1னா பாக்கெட் எங்க போறதுன்னு தெரியாம முழிக்கும், ஒண்ணை 192.168.50.1னு மாத்திடுங்க.

லினக்ஸ் ரவுட்டர்னா டீஃபால்ட் ரவுட் (வெளிய போறதுக்கு பொதுவான வழி) ஒண்ணு மட்டும் வச்சா பத்தாது, லைனுக்கு ஒரு ரவுட்டிங் டேபிள் (எந்த வழியா போகணும்னு சொல்ற பட்டியல்), 100, 200னு வச்சுக்குங்க, ஒவ்வொண்ணுலயும் அந்த லைனோட கேட்வே (அந்த லைன்ல அடுத்து இருக்கிற ரவுட்டரோட அட்ரஸ்), அப்புறம் இந்த ஐபிலேர்ந்து கெளம்புறது இந்த டேபிள்னு ஒரு ரூல். இது இல்லன்னா ரெண்டாவது லைன்ல உள்ள வந்த கனெக்ஷனுக்கு பதில் மொத லைன்ல போயிடும், அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடுவான். ஆர்பி ஃபில்டரையும் (rp_filter, வேற வழில வர பாக்கெட்டைத் தூக்கிப் போடுற செட்டிங்) 2ல, அதாவது கொஞ்சம் தளர்வா வைங்க. மைக்ரோடிக் ரவுட்டர் வச்சிருக்கவங்க இதையே மேங்கிள்ல (பாக்கெட்டுக்கு அடையாளம் போடுற பகுதி) மார்க் போட்டு செய்யலாம்.

நெறைய பேரு கோட்டை விடுறது லைன் செக்லதான். கேட்வேயை மட்டும் பிங் (பதில் வருதான்னு தட்டிப் பாக்கிறது) பண்ணாதீங்க, 5ஜி ரவுட்டர் வெளிய சிக்னல் செத்தாலும் உள்ள ஜம்முனு பதில் சொல்லும். வெளிய இருக்கிற 8.8.8.8க்கு (கூகுளோட டிஎன்எஸ்) மொத லைன் வழியா மட்டும், 1.1.1.1க்கு (கிளவுட்ஃபிளேரோட டிஎன்எஸ்) ரெண்டாவது லைன் வழியா மட்டும்னு ரவுட் போட்டு அதை பிங் பண்ணுங்க, மூணு தடவை தொடர்ந்து பதில் வரலன்னா லைனை மாத்துற மாதிரி வைங்க. அப்படிக் கட்டிப்போட்ட அட்ரஸை வீட்டு டிஎன்எஸ்ஸா (சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்கிற சர்வர்) குடுக்காதீங்க, அந்த லைன் போனா டிஎன்எஸ்ஸும் சேர்ந்து போயிடும், 9.9.9.9 (குவாட்9 டிஎன்எஸ்) குடுங்க.

லோட் பேலன்ஸ் போட்டவங்க பேங்க் சைட்டை ஒரே லைன்ல ஓட்டுங்க, நடுவுல ஐபி மாறுனா சில சைட் லாக் அவுட் பண்ணிடும்.

டெஸ்ட் பண்ண ரவுட்டருக்கு வர லைனோட லான் வயரைப் பிடுங்காதீங்க, அது ரவுட்டருக்கு ஒடனே தெரிஞ்சிடும், லைன் செக் வேலை செய்யுதான்னு உங்களுக்குத் தெரியாது. செவுத்துலேர்ந்து வர ஃபைபரை மெதுவா கழட்டுங்க, நுனியைத் தொடாம மூடி போட்டு வைங்க. லைன் மாறுனதும் பழைய கனெக்ஷன் எல்லாம் கொஞ்ச நேரம் தொங்கும், வாட்ஸ்அப் கால் கட் ஆகி திரும்ப வரும், ரவுட்டர்ல கனெக்ஷன் டேபிளை கிளியர் பண்ண ஒரு ஸ்கிரிப்ட் போட்டா சீக்கிரம் சரியாயிடும்.