விடுதி முகவரியை உள்ளூர் எழுத்தில் படமெடுத்து வையுங்கள்

பாங்காக், பெய்ஜிங், டோக்கியோ மாதிரி ஊரில் முதுகுப்பையோடு இறங்கினால், முதல்முறை வெளியே கிளம்பும் முன் விடுதியின் கார்டை இரண்டு பக்கமும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் எழுத்தில் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நாம் ஆங்கிலத்தில் படித்துச் சொல்லும் பெயர் அங்கே பல டிரைவர்களுக்குப் பிடிபடாது. தாய், சீன மொழிகளில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினாலே சொல் மாறிவிடும். சில இடங்களுக்குப் பெயரே வேறு: பாங்காக்கின் விக்டரி மான்யுமென்ட் உள்ளூர்க்காரர்களுக்கு 'அனுசாவரி சாய்', பெய்ஜிங்கின் ஃபர்பிடன் சிட்டி 'குகோங்'. டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, வட்டார எண், கட்டட எண் என்றுதான் முகவரி போகும். அதனால்தான் தொலைபேசி எண் அவசியம் என்கிறேன். டிரைவரே விடுதிக்குக் கூப்பிட்டு வழி கேட்டுக்கொள்வார்.

மேப்பை நீட்டாதீர்கள். வயதான டிரைவர் போனைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் உடனே தலையசைப்பார்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், ஜகார்த்தா, மணிலாவில் இது தேவைப்படாது, அங்கே முகவரியே ஆங்கில எழுத்தில்தான். ஹனோயிலும் அதே எழுத்துதான், ஆனால் மேலும் கீழும் உள்ள குறிகளை விடாமல் காட்டுங்கள். கிராப் மாதிரி செயலியில் வண்டி பிடித்தால், போகுமிடம் டிரைவருக்கே போய்விடும். அப்புறம், போன் சார்ஜ் தீர்ந்தால் படம் உதவாது. அசல் கார்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.