தேதி இல்லாத நாளில் ரத்தம் பட்டால்: எங்கிருந்து தேடுவது?

மாதவிலக்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது ரத்தம் பட்டால், "உடம்பு சூடு" என்று வெந்தயத்தை ஊறப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். சூட்டினால் கருப்பை கசியாது. வேறு காரணம் இருக்கிறது.

முதலில் காலண்டரில் குறியுங்கள்: கடந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து இது எத்தனையாவது நாள், எத்தனை நாப்கின், கட்டியாக வந்ததா, உறவுக்குப் பின் வந்ததா. டாக்டர் கேட்கப்போவதும் இவற்றைத்தான். 28 நாள் சுழற்சியில் 14ஆம் நாள் வாக்கில் ஓரிரு சொட்டு பட்டு நின்றால், கருமுட்டை வெளிவருவதால் இருக்கலாம்.

அடுத்து கர்ப்பப் பரிசோதனை. காலையின் முதல் சிறுநீரில் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களும் பார்க்க வேண்டும். அதற்குப் பின் அபூர்வமாகத் தரிக்கும் கரு குழாயிலேயே தங்கிவிடக்கூடும். இரண்டு கோடு வந்து, ஒரு பக்க அடிவயிற்று வலியோ தோள்பட்டை வலியோ மயக்கமோ இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிறகு மாத்திரைகள். கருத்தடை மாத்திரை தொடங்கிய முதல் 3 மாதம் கசிவது சகஜம். ஒரு நாள் மறந்தாலும் கசியும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின் இரண்டும் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். காப்பர்-டி, அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டவர்களுக்கும் இடையில் படும். கோயில் விசேஷத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையில் வேளை தவறினால் கசிவு வரும். அதில் மிச்சமிருப்பதை எடுத்து, நடுவில் வரும் ரத்தத்தை நிறுத்தப் போடாதீர்கள். ரத்தம் நின்றாலும் உள்ளே இருக்கும் பாலிப் (சதை வளர்ச்சி) அப்படியேதான் இருக்கும், கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும்.

இதிலெல்லாம் பிடிபடாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். லேசாகப் படும்போதும் போகலாம், நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உறவுக்குப் பின் ரத்தம் என்றால் கருப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும்: அங்கே தொற்று, பாலிப், அரிதாகப் புற்றுநோய் இருக்கலாம். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். ஸ்கேனில் நார்த்திசுக் கட்டி தெரிந்தால் அளவைவிட அது இருக்கும் இடத்தைக் கேளுங்கள். கருப்பையின் உட்பக்கம் துருத்தும் சின்னக் கட்டி ரத்தத்தைக் கொட்டும். வெளிப்பக்கம் வளரும் பெரியது சும்மா கிடக்கும். தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினைகளும் சுழற்சியைக் குலைக்கும்.

45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கருப்பை உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள், மறுக்காதீர்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தால் 108ஐ அழையுங்கள்.