மலைப்பாதையில் ஓடுவதற்கு வழி தேர்ந்தெடுப்பது எப்படி? கோத்தகிரியை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

சமவெளியில் பல ஆண்டுகள் ஓடிப் பழகியிருந்த நான், கோத்தகிரிக்குக் குடிவந்த முதல் வாரத்தில், வரைபடத்தில் எட்டு கிலோமீட்டர் வட்டப்பாதை ஒன்றைக் குறித்துக்கொண்டு காலையில் கிளம்பினேன். வீடு முகட்டின் மேல் இருந்ததால் முதல் நான்கு கிலோமீட்டரும் இறக்கம்தான். ஓடைப் பாலத்தை அடைந்தபோது இவ்வளவு வேகமாக நான் ஓடியதே இல்லை என்ற பெருமிதம்கூட வந்தது. ஆனால் அங்கிருந்து வீடு 240 மீட்டர் உயரத்தில் இருந்தது. மீதியிருந்த நான்கு கிலோமீட்டரில் மூன்றை நடந்தே கடந்தேன். கடைசி வளைவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கதவு பூட்டியிருந்ததால் சுற்றிக்கொண்டு வந்த தொலைவு தனிக்கணக்கு.

இந்த விளக்கம் சமவெளியில் ஐந்து கிலோமீட்டராவது நிற்காமல் ஓடக்கூடியவர்களுக்கானது. காலணி, தண்ணீர், உடற்பயிற்சி பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

முதல் படி: தூரத்தை மறந்து ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்குச் சமவெளியில் ஓடிய நேரக்கணக்கை இங்கே தேடாதீர்கள்.

ஏற்றத்தைத் தூரமாக மாற்றிப் பார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. மலை நடைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் ஒரு விதியை வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இதை மீட்டரில் போட்டுப் பார்த்தால் ஒரு மீட்டர் ஏற்றம் ஏறத்தாழ எட்டு மீட்டர் சமதளத்துக்கு ஈடாகிறது. என் 240 மீட்டர் ஏற்றம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது எட்டு என்று நம்பி நான் இறங்கிய பாதை உண்மையில் பத்து கிலோமீட்டர். அந்தக் கூடுதல் சுமை முழுவதும் களைத்த பிறகு வந்தது.

இரண்டாம் படி: சமவுயரக் கோடுகளைப் படியுங்கள்

என்னை நெடுநாள் குழப்பியது இந்தப் படிதான் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். சமவுயரக் கோடு, சுருக்கமாக உயரக் கோடு, என்பது வரைபடத்தில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு.

வரைபடச் செயலிகளில் எனக்குப் பிடித்தது ஆர்கானிக் மேப்ஸ். இலவசம், விளம்பரம் இல்லை, இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும், உயரக் கோடுகளையும் காட்டும். பள்ளங்களில் கைபேசிச் சமிக்ஞை அறுந்துபோகும் ஊரில் இந்த மூன்றாவது குணம் பெரிது. கூகுள் மேப்ஸ் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்கச் சரி. தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகளில் பாதியை அது காட்டுவதில்லை என்பது என் அனுபவம்.

அந்தச் செயலியில் உயரக் கோடுகளைக் காட்டும் அடுக்கைத் திறந்துகொண்டு, உங்கள் பாதை கோடுகளை வெட்டிச் செல்கிறதா, கோட்டோடு ஒட்டிச் செல்கிறதா என்று பாருங்கள். வெட்டினால் ஏற்றம் அல்லது இறக்கம். ஒட்டிச் சென்றால் ஏறத்தாழச் சமதளம். உயரத்தில் இருபது மீட்டர் வித்தியாசமுள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதை 200 மீட்டர் நீளம் இருந்தால் அது பத்து விழுக்காட்டுச் சாய்வு; புதியவர்கள் அங்கே நடப்பதே நல்லது. ஆறு விழுக்காடு வரை மெதுவாக ஓடலாம்.

செயலி தானாகச் சொல்லும் "மொத்த ஏற்றம்" என்ற எண்ணை நம்பி நான் ஒரு மாதம் ஏமாந்தேன். மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு கோட்டோடு கோடாகச் செல்லும் ஒரு சாலை வீட்டருகே இருந்தும், 190 மீட்டர் ஏற்றம் என்று செயலி காட்டியதால் அதை ஒதுக்கிவைத்திருந்தேன். ஒருநாள் நடந்து பார்த்தபோது, இருபது மீட்டர்கூட ஏறவேண்டியிருக்கவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. பல செயலிகளின் உயரத் தரவுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட ரேடார் அளவீடு. அதில் தரை ஏறத்தாழ முப்பது மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. செங்குத்தான சரிவில் பாதை வரைபடத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தாலே உயரம் பல மீட்டர் மாறிவிடும். பாதை நெளியும் இடமெல்லாம் இல்லாத மேடும் பள்ளமும் முளைத்து எல்லாம் கூட்டிச் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு, அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் ரேடார் தரையைத் தொடாமல் மரத்தலையோரமே திரும்பிவிடுகிறது. ஆகவே தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் மர வரிசையோ சோலையோ முடியும் இடத்தில் வரைபடம் ஒரு பொய்ச்சரிவைக் காட்டலாம். மொத்த எண்ணை விட்டுவிட்டு, சந்திப்புகளிலும் பாலத்திலும் முகட்டிலும் மட்டும் உயரத்தைப் படித்துக் கையால் கூட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாம் படி: ஏறிக்கொண்டே தொடங்குங்கள்

நீலகிரியில் பல வீடுகளும் ஹட்டிகளும் (படுகர் ஊர்கள்) மேட்டில்தான் இருக்கின்றன. வாசலை விட்டு இறங்கியதும் கால் தானாகப் பள்ளத்துக்கு இழுக்கும். இறங்காதீர்கள். முகட்டோடு செல்லும் சாலையைப் பிடித்து, முதல் பாதியில் ஏறி, பிற்பாதியில் இறங்கி வரும்படி அமையுங்கள். முடியாவிட்டால் போன வழியே திரும்பும் பாதையாக வைத்து, ஏற்றம் 80 மீட்டரைத் தாண்டாத இடத்தில் திரும்புங்கள். வட்டப்பாதை அழகானதுதான், ஆனால் நடுவில் மனம் மாறினால் அதில் குறுக்கு வழி இருக்காது.

நான்காம் படி: யாருடைய நிலம் என்று கேளுங்கள்

வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் பொதுவழி அல்ல. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஊரை ஒட்டியே இருக்கும் லாங்வுட் சோலை 116 எக்டேர் பரப்புள்ள அருமையான காடு. வனத்துறையிடம் அனுமதி பெற்று நடந்து பாருங்கள், ஓடுவதற்கு அதை எண்ணாதீர்கள். தோட்டப் பாதைகளுக்கு, தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார். எந்தக் கதவு எப்போது பூட்டப்படும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: விடிந்த பிறகு கிளம்புங்கள்

சமவெளிக்காரர்களுக்கு ஒப்புக்கொள்ளக் கடினமான படி இதுதான். காலை ஐந்து மணி ஓட்டம் இங்கே வேண்டாம். காட்டெருமைகளும் கரடிகளும் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் தேயிலைக்குள் அதிகம் நடமாடும். நான் ஏழு மணிக்கு முன் வெளியே வருவதில்லை. மூடுபனி இருந்தால் எதிரிலுள்ள மின்கம்பம் தெளியும்வரை காத்திருப்பேன்.

ஓடுபவருக்கு நடப்பவரைவிட ஆபத்து ஏன் அதிகம் என்றால், வளைவைத் தாண்டி நாம் திடீரென்று முன்னால் போய் நிற்கிறோம். விலகிச் செல்ல விலங்குக்கு நேரம் கிடைப்பதில்லை. கரடிக்குப் பார்வை மந்தம், மிரண்டால் பாயும். ஆகவே உண்ணிச்செடியும் சீகையும் இருபுறமும் நெருங்கிய வளைவுகள் உள்ள பாதையை முதலிலேயே கழித்துவிடுங்கள். தவிர்க்க முடியாத வளைவில் நடந்து, கைதட்டிக்கொண்டே செல்லுங்கள். செவியில் பாட்டு கூடவே கூடாது. ஒரு டன் வரை எடையுள்ள காட்டெருமை சாலையில் நின்றால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். தனித்து நிற்கும் ஆண் என்றால் இன்னும் தொலைவிலேயே.

ஆறாம் படி: ஒருமுறை நடந்து பாருங்கள்

தேர்ந்தெடுத்த பாதையைப் பகலில், தோட்டத்தில் ஆள்கள் இருக்கும்போது, முழுவதும் நடந்துவிடுங்கள். வடிகால், கம்பிவேலி, கட்டப்படாத நாய் ஆகிய மூன்றையும் எந்தச் செயலியும் சொல்லாது.

பிற்சேர்க்கை 1: மழைக்காலம் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் மறைத்துவிடுவதால், ஊட்டிக்கு மேற்கே சூன், சூலையில் கொட்டும் அளவு இங்கே பெய்வதில்லை. கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளை ஊரில் யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் நான் தோட்டப் பாதைகளை விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் மட்டும் ஓடுகிறேன். மலையை வெட்டிய மண்சுவரை ஒட்டி ஓடுவதில்லை.

பிற்சேர்க்கை 2: வால்பாறை வாசகர் ஒருவர் இதே முறை அங்கே பொருந்துமா என்று கேட்டார். ஏற்றக் கணக்கு பொருந்தும், ஐந்தாம் படி போதாது. அங்கே யானைகள் உண்டு. அவை அருகில் இருப்பதைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு. விளக்கு எரிந்தால் காலணியைக் கழற்றிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: மருந்து தெளித்த தோட்டத்துக்குள் ஓடி, கண் எரிச்சலோடு திரும்பியதாக ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் யோசிக்கவே இல்லை. மேஸ்திரியிடம் வழி கேட்கும்போது, அந்த வாரம் எந்தப் பகுதிக்கு மருந்தடிக்கிறார்கள் என்பதையும் இப்போது சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.