வாய்க்காலைக் கட்டிவிட்டுத் தண்ணீரை இறையுங்கள்: சின்னச் சேர்வர் அறையில் மின்சாரம் மிச்சம் பிடிப்பது எப்படி

யாழ்ப்பாண நகரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நடு மாடியில் நான்கு றாக்குகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சேர்வர் என்றால் மற்றக் கணினிகளுக்குத் தரவும் சேவையும் கொடுத்தபடி இரவுபகலாக ஓடும் கணினி. றாக் என்றால் அவற்றை அடுக்கி வைக்கும் ஆளுயர இரும்பு அலுமாரி. பெரிய தரவு மையங்களோடு வைத்துப் பார்த்தால் எங்களுடையது கோழிக்கூடு. இந்த வேலைக்கு வருமுன் குருநகர்ப் பக்கம் ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டும் இயந்திரங்கள் திருத்தினேன். அதற்கும் முன் ஏழாலையில் ஐயாவின் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறினேன். சேர்வர் அறையில் எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த வெங்காயத் தோட்டம்தான்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது நினைவிருக்கும். அப்போது எங்கள் அறை மொத்தமாக 21 கிலோவாட் இழுத்தது. டீசல் மின்பிறப்பாக்கி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.3 லீற்றர் குடிக்கும். ஆக மணிக்கு 6 லீற்றருக்கு மேல். 13 மணி நேரத்துக்கு 80 லீற்றருக்கும் மேல். எண்ணெய் வரிசையில் நின்றவர்களுக்கு 80 லீற்றர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இப்போது அதே அறை 14.5 கிலோவாட்டில் ஓடுகிறது. புதிதாக ஒரு இயந்திரமும் வாங்கவில்லை. எப்படிச் செய்தேன் என்பதை, பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அளவுங்கள். இரண்டு எண்கள் போதும். ஒன்று, அறைக்குள் வரும் மொத்த மின்சாரம். பிரதான மின்பலகையில் ஒரு துணை மீற்றர் பூட்டினால் தெரியும். மற்றது, யூபிஎஸ்ஸிலிருந்து, அதாவது மின்சாரம் போனால் பற்றரியால் தாங்கிப்பிடிக்கும் கருவியிலிருந்து, சேர்வர்களுக்குப் போகும் மின்சாரம். அதை யூபிஎஸ்ஸின் திரையே காட்டும். யூபிஎஸ்ஸுக்குள் போவதை எடுக்காதீர்கள், வெளியே வருவதை எடுங்கள். அது தனக்குள் வீணாக்குவதும் நம் நட்டக் கணக்கில் சேர வேண்டும். மொத்தத்தைச் சேர்வர் அளவால் வகுத்தால் கிடைப்பதுதான் பி.யூ.ஈ. கிரீன் கிரிட் என்ற அமைப்பு 2007 அளவில் பரப்பிய அளவுகோல் இது. எங்களுடையது 21-ஐ 11-ஆல் வகுக்க, 1.9. சேர்வர் 1 யூனிட் சாப்பிட, அதற்கு விசிறி வீசவும் காவல் நிற்கவும் இன்னும் 0.9 யூனிட். உலகச் சராசரி பல வருடங்களாக 1.6-ஐ ஒட்டி நிற்கிறது. கூகுள் போன்றவர்கள் 1.1-ஐத் தொட்டுவிட்டார்கள், அது அவர்கள் உலகம். ஒரு கணத்து அளவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு வாரம் முழுவதும் எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள். மத்தியான வெயிலும் விடியற்காலைக் குளிரும் அதற்குள் வந்துவிடும்.

அடுத்து ஒரு கணக்குப் போட்டேன். 1 கிலோவாட் மின்சாரம் சேர்வருக்குள் போனால் மணிக்கு ஏறக்குறைய 3,412 பி.ரி.யூ. (குளிரூட்டிக்காரர் வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பமாகவே வெளியே வரும். 11 கிலோவாட்டுக்கு 37,500 சொச்சம். எங்களிடம் இருந்ததோ 24,000 பி.ரி.யூ. குளிரூட்டிகள் மூன்று, மொத்தம் 72,000. தேவையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியிருந்தும் மேல்தட்டுச் சேர்வர்கள் சூடு தாங்காமல் அலறிக்கொண்டிருந்தன. நான்காவது குளிரூட்டி வாங்க நிர்வாகம் விலை கேட்டுக்கொண்டிருந்தது.

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறியவர்களுக்கு இந்த இடத்தில் விசயம் பிடிபட்டிருக்கும். கிணற்றில் இறைப்பு இயந்திரம் முழு வேகத்தில் ஓடும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகும். கடைசிப் பாத்தி மட்டும் காய்ந்து கிடக்கும். பெரிய இயந்திரம் வாங்கிவிடலாம் என்று சொன்ன என்னிடம் ஐயா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியைத் தந்தார். வரம்பில் எலி வளை, நண்டு வளை. பாதித் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

சேர்வர் முன்பக்கத்தால் குளிர்காற்றை இழுத்து முதுகுப்பக்கத்தால் சூட்டைத் தள்ளும். முன்பக்கம் வாய்க்கால், பின்பக்கம் கழிவு. இரண்டும் கலந்தால் எத்தனை குளிரூட்டி போட்டும் பயனில்லை. கலக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு றாக்கின் முன்கதவிலும் மூன்று மலிவான வெப்பமானிகளை ஒட்டுங்கள்: முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று. எங்கள் இரண்டாவது றாக்கில் கீழே 19 பாகை, உச்சியில் 31. ஒரே கதவில் 12 பாகை வித்தியாசம். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியோ 22 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்தது. சுவருக்குச் சூடு பிடித்தால் எங்களுக்கு என்ன? பார்க்க வேண்டியது சேர்வரின் வாயில் நுழையும் காற்றை.

கசிவு எங்கே என்று தேட ஊதுபத்தி கொளுத்தினேன். புகை போகும் வழி அழகாகத் தெரிந்தது. கூடவே புகை உணரியும் அலறி, கட்டடம் முழுவதும் படியிறங்கியது. அன்றைக்கு வாங்கிய பேச்சு போதும். ஈர்க்கு நுனியில் ஒரு முழம் தையல் நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடுக்கிலும் பிடித்துப் பாருங்கள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ காற்று அந்தப் பக்கம் போகிறது. சேர்வர் இல்லாத வெற்றுத் தட்டுகளில் நூல் என் முகத்தை நோக்கி நீண்டது. அதாவது பின்பக்கச் சூடு அந்த ஓட்டைகள் வழியாக முன்னுக்கு வந்து, மறுபடி சேர்வர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஓட்டைகளை மூடுங்கள். கடையில் விற்கும் மூடுதகடுகள் நல்லவை. நாங்கள் பட்டறையில் மெல்லிய இரும்புத் தகடு வெட்டுவித்து வர்ணம் பூசிப் பூட்டினோம். அரத்தால் ராவுவதையும் துளையிடுவதையும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத்தூள் சேர்வருக்குள் போனால் குளிரூட்டிப் பிரச்சினையே பரவாயில்லை என்றாகிவிடும். மட்டையை வெட்டி ஒட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும் சாமானை மின்சாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கேபிள் நுழையும் துளைகள், றாக்கின் ஓரங்கள், இரண்டு றாக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எல்லாவற்றையும் அடையுங்கள். பின்பக்கத்தில் பனங்கிழங்குக் கட்டுப் போலத் தொங்கிய கேபிள்களை ஓரமாக ஒதுக்கிக் கட்டினோம். அது சூடான காற்றின் பாதையை மறித்துக்கொண்டிருந்தது.

பெரிய குற்றம் மூன்றாவது றாக்கில் இருந்தது. அதன் முகம் இரண்டாவது றாக்கின் முதுகைப் பார்த்து நின்றது. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பது போல. ஒரு ஞாயிறு இரவு அதை நிறுத்தித் திருப்பினோம். முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. திருப்பிய பிறகும் ஒரு மூலை சூடாகவே இருந்தது. என்னோடு வேலை செய்யும் தம்பிதான் கண்டுபிடித்தார்: வலையமைப்புச் சுவிட்ச் ஒன்று தலைகீழ்ப் பழக்கம். சில சுவிட்சுகள் கேபிள் செருகும் பக்கத்தால் சூட்டை விடும் வகை. வாங்கும்போதே காற்றோட்டத் திசையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஐஸ் அறைகளின் வாசலில் தொங்கும் தடித்த பிளாஸ்ரிக் பட்டைத் திரையை முன்வழியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டேன். தீப்பற்றாத வகையாகப் பார்த்து வாங்கினேன். புகை உணரியையோ தீயணைப்பு வாயுக் குழாயையோ திரை மறைக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் குளிரூட்டியின் பாகையில் கை வைத்தேன். முதலிலேயே கூட்டியிருந்தால் மேல்தட்டுச் சேர்வர்கள் விழுந்திருக்கும். ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் சேர்வர் வாய்க்குப் பரிந்துரைக்கும் வெப்பம் 18 முதல் 27 பாகை வரை. 18-க்குக் கீழே இறக்கி நடுங்குவதால் சேர்வருக்கு ஒரு புண்ணியமும் இல்லை. வாரத்துக்கு 1 பாகை கூட்டினேன். உச்சி வெப்பமானி 25-ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். 27 வரை போகலாமே என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். சூடு ஏற ஏறச் சேர்வருக்குள் இருக்கும் விசிறிகள் வேகம் பிடிக்கும். விசிறி தின்னும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக, அதாவது இரு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்காக, ஏறும். குளிரூட்டியில் மிச்சம் பிடித்ததை விசிறி தின்றுவிடும். இதே விதி மறுபக்கம் நமக்கு உதவும்: வேகம் மாற்றக்கூடிய விசிறியை 80 வீதத்துக்கு இறக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டாவது காரணம் மின்வெட்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

குளிரூட்டிகள் மூன்றையும் ஒரே பாகையில் வையுங்கள். எங்களிடம் ஒன்று 18, ஒன்று 21, ஒன்று 24. முதலாவது மாடாய் உழைக்க, மூன்றாவது சும்மா காற்று வீசிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு ஓடுகின்றன. முறைவைத்து ஒன்று ஓய்வெடுக்கிறது. மொத்தம் 21-லிருந்து 18 கிலோவாட்டுக்கு இறங்கியது; பி.யூ.ஈ. 1.64.

பிறகு சோம்பேறிகளைத் தேடினோம். வேலை எதுவும் செய்யாத சேர்வர்கூடக் கணிசமான மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் "இது யாருடையது?" என்று சீட்டு ஒட்டினோம். ஐந்துக்கு எவரும் உரிமை கோரவில்லை. உடனே நிறுத்தாதீர்கள். வலையமைப்புக் கேபிளை மட்டும் கழற்றி ஒரு மாதம் காத்திருங்கள். எங்களுக்கு மூன்றாம் வாரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்து, மாதக்கடைசி அறிக்கை வரவில்லை என்றார். ஐந்தில் ஒன்று பிழைத்தது. மிச்சம் நான்கையும் நிறுத்தினோம். பழைய பெட்டிகள் சிலவற்றின் வேலையை மெய்நிகர் சேர்வர்களாக, அதாவது மென்பொருளால் பிரித்த தனித்தனிச் சேர்வர்களாக, ஒரே பெட்டிக்குள் ஏற்றினோம். சேர்வர் பங்கு 11-லிருந்து 8.5 ஆனது. மொத்தம் 14.5. இப்போது வகுத்துப் பாருங்கள்: 1.7. மின்கட்டணம் குறைந்திருக்க, பி.யூ.ஈ. கூடிவிட்டது! மேலதிகாரி முகம் சுளித்தார். அறையை விளங்கிக்கொள்ள பி.யூ.ஈ. நல்லது, மாதக்கடைசியில் காசு கட்டுவது யூனிட்டுக்குத்தான் என்று அவருக்குச் சொல்ல ஒரு முழு மாலை பிடித்தது.

யூபிஎஸ் பற்றரிகளைச் சேர்வர் அறையிலிருந்து பிரித்துத் தனியாகக் காற்றோட்டமுள்ள சிற்றறையில் வையுங்கள். ஈய அமிலப் பற்றரிக்கு 20 முதல் 25 பாகைதான் உகந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. அவை சிறிதளவு ஐதரசன் விடும் என்பதால் அறையை அடைத்துப் பூட்டக் கூடாது.

மின்வெட்டுக்கு வருகிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் போன நாள். குரங்கைக் காரணம் சொன்னார்களே, அதே நாள். எங்கள் மின்பிறப்பாக்கி ஒழுங்காகத் தொடங்கியது. சேர்வர்கள் ஓடின. நான் வீட்டில் நிம்மதியாக இருந்தேன். குளிரூட்டிகள் மட்டும் தாமாக மறுபடி தொடங்கவில்லை. யாராவது பொத்தானை அழுத்த வேண்டுமாம். தம்பி ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது உச்சி வெப்பமானி 39. வெறும் 20 நிமிடத்தில் 14 பாகை. அன்றிலிருந்து மூன்று விதிகள். மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்கும் வசதி குளிரூட்டியில் இருக்கிறதா என்று ஆளியை நிறுத்திப்போட்டுச் சோதியுங்கள். எல்லாக் குளிரூட்டிகளையும் ஒரே நொடியில் தொடங்கவிடாதீர்கள். கம்பிரசர் தொடங்கும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுத்து மின்பிறப்பாக்கியை மூச்சடைக்க வைக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 3 நிமிடம் விடுங்கள். மின்பிறப்பாக்கியை மாதம் ஒருமுறை உண்மையான சுமையோடு ஓட்டுங்கள். வெறுமனே உறுமவைப்பது சோதனை ஆகாது. தொடக்கும் பற்றரி செத்துக் கிடப்பதை அவசர நாளில் அறிந்துகொள்வது பெரிய கொடுமை.

கூரையில் சூரிய மின்கலம் போட்டவர்கள் மின்வெட்டில் அது காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். நாட்டின் மின்வலையோடு மட்டும் இணைந்த சாதாரண அமைப்பு, மின்சாரம் போனதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். பகல் கட்டணத்தைக் குறைக்க அது நல்லது, அவ்வளவுதான். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் உள்ளவர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரத்தில் காப்புப்பிரதி எடுக்கும் வேலைகளை ஓட்டாமல், 10.30-க்குப் பின் தள்ளுங்கள்.

இனி வெளியே வாருங்கள். மின்சாரம் வீணாகியும் எவரும் எட்டிப் பார்க்காத இடம் குளிரூட்டியின் வெளியலகுதான். வலிகாமத்துச் செம்மண் புழுதி அதன் தகட்டு இடுக்குகளில் களிம்பாய் அப்பிக்கொள்ளும். கரையோரத்தில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். மாதம் ஒருமுறை கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீரால் கழுவி அப்படியே காயவிட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். நம் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் உத்தமம். தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கும் முறைகளை யாராவது விற்க வந்தால், வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் குடிக்கவே தண்ணீர் தேடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

காற்றையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து தள்ளும். வெளியலகின் விசிறி அந்தப் பக்கம் பார்த்து ஊதினால், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த கதைதான். விட்ட சூடு அதன் முகத்திலேயே திரும்பி அடிக்கும். எங்கள் மூன்று அலகுகளில் இரண்டைக் கிழக்கே திருப்பிவிட்டோம். மூன்றாவதைக் கள்ளருக்குப் பயந்து யாரோ தகரக் கூரையும் கம்பிக்கூடும் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். கூட்டுக்குள் கை விட்டால் அடுப்படி. இந்தச் சோளகம் தொடங்குமுன் அதைப் பிரிக்க வேண்டும். கூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.