இரண்டாவது எண்ணைப் பாருங்கள்: சின்ன வீட்டுக்கு டூ-இன்-ஒன் வாஷர் டிரையர் வாங்கலாமா?

போன மாதம் தங்கச்சி ஃபோன் அடித்தாள். இங்கே சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்தில், ஈரறை வீட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது, அவளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, துவைச்சு அதுவே காயவும் வைக்குதே, அந்த டூ-இன்-ஒன் வாங்கலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றாள். முக்கால் மணி நேரம் பேசினேன். பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதிவைத்தால் வேறு யாருக்காவது உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

என் தகுதி இவ்வளவுதான்: உட்லண்ட்ஸில் மூவறை வீடு. நான், மனைவி, அம்மா, தொடக்கப்பள்ளியில் படிக்கும் பையன். 2020-இல் வாங்கிய டூ-இன்-ஒன் இன்னும் ஓடுகிறது. அதில் செய்யக்கூடாதது என்று என்னென்ன உண்டோ, பெரும்பாலானதைச் செய்து பார்த்துவிட்டேன்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமா, "தினமும் வெயில் அடிக்கிற ஊர்ல இதுக்கு எதுக்குய்யா கரண்டு?" என்று கேட்டார். இங்கே வெயில் அடிக்கும், ஆனால் அதை நம்பித் துணியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. ஆண்டில் 170 நாள் அளவுக்கு மழை. காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், இரண்டு நாள் ஆனாலும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டையில் ஈரம் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே நீட்டும் கழியில் போட்டால், நம் துணி காய்ந்துவரும் நேரம் பார்த்து மேல்வீட்டிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு கழி நீளும். உள்ளே சர்விஸ் யார்டில், அதாவது சமையலறையை ஒட்டிய துவைக்கும் இடத்தில், போடலாம் என்றால் அது அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மீன் குழம்பு கொதித்த நாளில் காய்ந்த பள்ளிச் சட்டையை மறுநாள் காலை பையன் முகர்ந்து பார்ப்பான், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பான்.

அதனால் காயவைக்க ஏதோ ஒரு வழி வேண்டும்தான். அந்த வழி டூ-இன்-ஒன்னா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

முகப்பில் இருக்கும் இரண்டு எண்கள்

கடையில் மெஷின் மேல் 8/5, 9/6, 10.5/7 என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். முதல் எண், எத்தனை கிலோ துவைக்கும் என்பது. இரண்டாவது, எத்தனை கிலோ காயவைக்கும் என்பது. விற்பவர் முதல் எண்ணைத்தான் வாய் நிறையச் சொல்வார். நீங்கள் இரண்டாவதைப் பார்த்து வாங்குங்கள். நனைந்த துணி அமுங்கிக் கிடக்கும், அதற்குக் கொஞ்ச இடம் போதும். காயும்போது அதே துணி பிரிந்து, எழும்பி, புரள வேண்டும். நடுவே சூட்டுக் காற்று புகுந்து வர வேண்டும். டிரம்மில் நிறைய இடம் காலியாக இருந்தால்தான் அது நடக்கும்.

இது எனக்கு யாரும் சொல்லித் தெரியவில்லை. மெஷின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நான்கு துண்டு, இரண்டு ஜீன்ஸ், என் வேலை உடுப்பு, பையனின் பள்ளி உடுப்பு, மேலே ஒரு பெரிய கட்டில் விரிப்பு என்று அடைத்து, காலை பத்து மணிக்குப் பொத்தானைத் தட்டினேன். எட்டுக் கிலோதானே, எட்டுக்குள்தான் இருக்கிறது என்று நிம்மதி. மாலை நாலரைக்குக் கதவைத் திறந்தேன். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டுத் துழாவினால் உள்ளே ஒரே ஒரு உருண்டை. விரிப்பு மற்ற எல்லாவற்றையும் விழுங்கி உருண்டையாகிக் கிடந்தது. வெளிப்புறம் தொட முடியாத சூடு. பிரித்துப் பார்த்தால், நடுவில் துண்டுகள் கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி ஈரமாக, வெந்த வாடையோடு. பள்ளிச் சட்டையில் விழுந்த மடிப்பு மூன்று முறை இஸ்திரி போட்டும் போகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் கழியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஐந்து கிலோ என்றால் எவ்வளவு? காய்ந்த நிலையில் பெரிய குளியல் துண்டு ஒன்று அரைக் கிலோவுக்கு மேல், ஜீன்ஸ் ஏறக்குறைய முக்கால் கிலோ, டி-ஷர்ட் இருநூறு கிராமுக்குள். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு கூடையை இறக்கிவிட்டு ஒருமுறை நில்லுங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் துணி. ஒரு வாரம் இப்படிப் பார்த்தாலே தெரிந்துவிடும், உங்கள் வீடு டூ-இன்-ஒன் வீடா இல்லையா என்று.

இன்னொரு விஷயம் நேரம். என் மெஷினில் ஐந்து கிலோ துவைத்துக் காய்ந்து வெளியே வர ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆகிறது. அதுவரை அடுத்த கூடை காத்திருக்க வேண்டியதுதான். தனித்தனி மெஷின் என்றால் ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றைத் துவைக்கலாம். சனிக்கிழமையில் மொத்தமாகத் துவைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் டூ-இன்-ஒன் வாங்கினால் சனிக்கிழமை போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

ஆக, தங்கச்சிக்குச் சொன்னது: நீங்கள் இரண்டு பேர்தான், தினமும் இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் சின்னச் சின்னதாகத் துவைப்பீர்கள், மெஷின் வைக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அப்படியானால் தாராளமாக வாங்கு. என் வீடு மாதிரி நான்கு பேர் இருந்து, மேலே அடுக்கி வைக்க இடமும் இருந்தால், கீழே வாஷிங் மெஷின், மேலே தனி டிரையர். நான் இன்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். இப்போதைக்கு என் டூ-இன்-ஒன்னை மழைக்கால உதவியாளாக வைத்திருக்கிறேன்: துவைப்பது தினமும், காயவைப்பது அவசரத்துக்கு. ஐந்து பேருக்கு மேல் உள்ள வீடு, கைக்குழந்தை உள்ள வீடு என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஹீட்டரா, ஹீட் பம்பா

டூ-இன்-ஒன்னில் இரண்டு ஜாதி. விலை குறைந்தவற்றில் ஹீட்டர் கம்பி சூடேறிக் காற்றைச் சுடவைக்கும். துணியிலிருந்து கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்க, பல மாடல்களில் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுவார்கள். காயவைக்கவும் வாளிக் கணக்கில் தண்ணீர் போகும் என்பது வாங்கும்போது பலருக்குத் தெரியாது. ஹீட் பம்ப் வகை, ஏர்கானைத் திருப்பி வைத்த மாதிரி. ஒரே காற்றைச் சுற்றவிட்டு ஈரத்தைப் பிழிந்தெடுக்கும். சூடு குறைவு, துணிக்கு நல்லது, கரண்டும் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் விலை நன்றாகவே கூடும், ஃபில்டரைச் சுத்தம் செய்யும் வேலையும் உண்டு.

கரண்டுக் கணக்கு மனக்கணக்காகவே போடலாம். ஹீட்டர் 1.4 கிலோவாட், இரண்டரை மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள்: மூன்றரை யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்றால் ஒருமுறை காயவைக்க ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வாரம் மூன்று முறை என்றால் மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று வெள்ளி. அதற்கு ஹீட் பம்ப் தேடி அலைய வேண்டாம். தினமும் காயவைக்கப் போகிறீர்கள் என்றால் ஹீட் பம்புக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு சில ஆண்டுகளில் திரும்பி வரும். மெஷினில் ஒட்டியிருக்கும் தண்ணீர்ச் சிக்கன டிக்குகளைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவை துவைக்கும் தண்ணீரைப் பற்றியவை. 2024-இல் வீவக (அரசாங்க அடுக்குமாடி) குடும்பங்களுக்கு, சிக்கனமான சாதனங்கள் வாங்க 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்தார்களே, அது மிச்சம் இருந்தால், நீங்கள் பார்க்கும் மாடலுக்குச் செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

சுழற்சி வேகத்தையும் கேளுங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்று பிழியும் மெஷின், 1000 சுற்றில் பிழிவதைவிட ஈரத்தை அதிகம் இறக்கும். பிழிந்து எடுக்க முடியாத தண்ணீரைத்தான் காசு கொடுத்து ஆவியாக்குகிறோம்.

டேப் எடுத்துக்கொண்டு சர்விஸ் யார்டுக்குப் போங்கள்

பெரும்பாலான மெஷின்கள் 60 சென்டிமீட்டர் அகலம், 85 உயரம். ஏமாற்றுவது ஆழம்தான். அட்டையில் 60 என்று போட்டிருந்தாலும் பின்னால் குழாய் வளைய இன்னும் பத்தாவது விடுங்கள். முன்கதவு திறக்கவும் இடம் வேண்டும். பாதிதான் திறக்கிறது என்றால் ஒவ்வொரு நாளும் துணியை உருவி எடுக்க வேண்டிவரும். அடுக்கி வைப்பதானால் உயரம் 170-க்கு மேல் போகும், அங்கே ஜன்னல் இருந்தால் வெளிச்சமும் காற்றும் போச்சு. சர்விஸ் யார்டின் தரை வடிகால் பக்கம் சரிந்திருக்கும். வந்து பொருத்துகிறவர் கிளம்பும் முன், மெஷினின் மேல்மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகிச் சமன் செய்யச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் பிழியும்போது மெஷின் நடந்து சமையலறைக்கு வரும். மற்றபடி, சுவரில் உள்ள 13 ஆம்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

வாங்கிய பிறகு

வாங்கிய இரண்டாம் மாதம் மெஷின் துவைத்தது, காயவைக்கவில்லை. ஏதோ எழுத்தும் எண்ணும் மின்னியது. மூன்று நாள் இப்படி. பழுது பார்க்க ஆள் கூப்பிட்டேன். வந்தவர் மெஷினைத் தொடவே இல்லை, சுவர்ப் பக்கம் கையை விட்டுக் குழாயைத் திறந்தார். ஐம்பது வெள்ளி. துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடுவது அம்மாவின் நாற்பது வருடப் பழக்கம். ஆவியைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும் என்றேனே, அது வராமல் மெஷின் நின்றிருக்கிறது. இப்போது குழாய் மேல் "மூடாதீங்க" என்று பையன் எழுதிய காகிதம் தொங்குகிறது.

துவைப்பதையும் காயவைப்பதையும் ஒரே மூச்சில் விடாதீர்கள். துவைத்து முடிந்ததும் ஒருமுறை திறந்து, துணியை உதறிப் பிரித்து, தடித்தவற்றில் பாதியை வெளியே எடுத்துக் கழியில் போட்டுவிட்டு, மீதியைக் காயவிடுங்கள். டூ-இன்-ஒன்னின் சுகமே தொடாமல் விடுவதுதானே என்பீர்கள். சரிதான், ஆனால் அந்த ஒரு நிமிட வேலைக்கு மடிப்பும் நேரமும் பாதியாகும். வெளியே எடுத்ததும் ஈரம்போலத் தோன்றினால் உடனே திரும்பப் போட வேண்டாம். அது சூட்டின் ஆவி. உதறி நாற்காலி மேல் ஐந்து நிமிடம் போட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள்.

பட்டு, ஜரிகை வேட்டி, எலாஸ்டிக் உள்ள உள்ளாடை, ரப்பர் அச்சடித்த ஜெர்சி எதுவும் டிரையருக்குப் போகக்கூடாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எண்ணெய்த் துண்டு. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல், தீபாவளிக் காலை என்று எண்ணெய் ஊறிய துண்டும் தலையணை உறையும் நம் வீடுகளில் உண்டு. சமையல் எண்ணெய் ஊறிய துணி ஒருமுறை துவைத்தால் முழுக்க விடாது. சூடாக்கிக் குவித்து வைத்தால் அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே மேலும் சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும். அந்தத் துண்டுகள் எங்கள் வீட்டில் எப்போதும் கழிக்குத்தான். அதே காரணத்தால், டிரையர் ஓடும்போது வீட்டில் யாராவது விழித்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். போட்டுவிட்டு வெளியே கிளம்புவது கிடையாது.

அப்புறம் பஞ்சு. தனி டிரையரில் பஞ்சு வந்து விழ ஒரு வலை இருக்கும். பல டூ-இன்-ஒன்களில் அது கிடையாது. பஞ்சு கதவின் ரப்பர் வளையத்தில் ஒட்டும், மிச்சம் தண்ணீரோடு வடிகாலுக்குப் போகும். ஒருநாள் தரை வடிகால் அடைத்துச் சமையலறைவரை தண்ணீர் வந்தபோதுதான் மூடியைத் திறந்து பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஈரக் கம்பளி மாதிரி. இப்போது வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் ரப்பர் மடிப்பைத் துடைக்கிறேன். இதுவரை கிடைத்தவை: இருபது காசு நாணயங்கள் இரண்டு, பையனின் ஒற்றைக் காலுறை, மனைவி ஒரு வருடமாகத் தேடிய கம்மல் திருகாணி. மாதம் ஒருமுறை கீழே உள்ள பம்ப் ஃபில்டரையும் கழற்றுங்கள், முன்னால் ஒரு தட்டு வைத்துக்கொண்டு. வேலை இல்லாதபோது மெஷின் கதவு திறந்தே இருக்கட்டும், இந்த ஊர் ஈரத்துக்கு ரப்பரில் கருப்புப் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

கட்டில் விரிப்பு, போர்வை எல்லாம் புளோக்குக்குக் கீழே உள்ள காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போகின்றன. அங்குள்ள பெரிய டிரையரில் அரைமணி, முக்கால் மணியில் முடிந்துவிடும், ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

தங்கச்சி நேற்று சர்விஸ் யார்டின் படத்தை அனுப்பியிருந்தாள். அகலம் 64 என்று டேப் வைத்துக் காட்டியிருக்கிறாள், நல்லதுதான். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் படத்தில் தெரியவில்லை. மாப்பிள்ளையின் கால் மறைக்கிறது.