அமெரிக்க ஆளுநர் தேர்தல்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஆங்கிலச் செய்தியில் 'குபர்நட்டோரியல்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்குக் கை நின்றுவிடும். பயப்பட ஒன்றுமில்லை. 'ஆளுநர் பதவி தொடர்பான' என்பதுதான் பொருள். 'ஆளுநர் தேர்தல்', 'ஆளுநர் வேட்பாளர்', 'ஆளுநர் பதவிக்கான போட்டி' என்று எழுதினால் முடிந்தது. தனியாக ஒரு சொல்லை உருவாக்க மெனக்கெட வேண்டாம். ஆனால் 'மாநிலத் தேர்தல்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். அதே நாளில் சட்டமன்றத்துக்கும் அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கும்கூட அங்கே வாக்குப்பதிவு நடக்கலாம். எந்தப் பதவியைப் பற்றிச் சொல்கிறோம் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

சொல் சரியாக அமைந்த பிறகுதான் பெரிய தவறுகள் தொடங்குகின்றன. 'ஆளுநர்' என்று படித்ததும் நமக்குக் கிண்டி மாளிகைதான் நினைவுக்கு வரும். குடியரசுத் தலைவர் நியமிப்பார், மசோதா கிடப்பில் இருக்கும், முதல்வரோடு உரசல் இருக்கும். அமெரிக்க ஆளுநருக்கு இதில் எதுவும் பொருந்தாது. 50 மாநிலங்களிலும் ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிபரால் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 356வது பிரிவு போல மாநில ஆட்சியைக் கலைக்கும் ஏற்பாடும் அங்கே கிடையாது. ஆகவே 'ட்ரம்ப்பின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர்' என்று எழுதலாம், 'ட்ரம்ப்பின் ஆளுநர்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

சரி, அப்படியானால் 'நம்மூர் முதல்வர் மாதிரி' என்று விளக்கிவிடலாமா? பாதி தூரம் போகலாம். நிர்வாகத்தின் தலைவர் அவர்தான் என்பதுவரை சரி. அதற்கு மேல் போனால் தவறு. முதல்வருக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வேண்டும், அமெரிக்க ஆளுநருக்கு அது தேவையே இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைக் கவிழ்க்க முடியாது. வடக்கு கரோலினாவைப் பாருங்கள். 2016, 2020, 2024 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களிலும் அந்த மாநிலம் குடியரசுக் கட்சியின் ட்ரம்ப்பைத்தான் தேர்ந்தெடுத்தது. அதே மூன்று தேர்தல்களிலும் ஆளுநர் பதவி ஜனநாயகக் கட்சிக்குப் போனது. முதல் இரண்டு முறை ராய் கூப்பர், பிறகு ஜாஷ் ஸ்டைன். சட்டமன்றமோ குடியரசுக் கட்சியின் கையில். ஆகவே அதிபர் தேர்தல் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு 'மாநிலத்தையே வாரிச் சுருட்டியது' என்று தலைப்பு போட்டால் மாட்டிக்கொள்வோம். வெர்மான்டில் இதற்கு நேர்மாறு. 2024இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் வென்றார், ஆளுநராக வென்றவர் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்.

சட்டமன்றத்தில் பலம் இல்லாத ஆளுநர் வெறும் பொம்மை என்று நினைப்பதும் தவறுதான். கையில் வீட்டோ, அதாவது மசோதாவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம், இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் பட்ஜெட் மசோதாவின் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடலாம். விஸ்கான்சினில் இது எந்த அளவுக்குப் போகும் என்பதை 2023இல் அந்த மாநில ஆளுநர் டோனி எவர்ஸ் காட்டினார். பள்ளிகள் மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் 325 டாலர் கூடுதலாகத் திரட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி, மசோதாவில் 2024-25 கல்வியாண்டு வரைதான் இருந்தது. எவர்ஸ் அதில் '20' என்ற இரண்டு இலக்கங்களையும் நடுவிலிருந்த சிறு கோட்டையும் அடித்தார். மிஞ்சியது 2425. அதாவது 400 ஆண்டுகளுக்கு நீட்டிப்பு! வழக்கு நடந்தது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கிண்டியில் இருப்பவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், இரண்டு பதவிக்கும் ஒரே பெயர் அமைந்தது நம் தலையெழுத்து என்றுதான் தோன்றுகிறது.

'லெப்டினன்ட் கவர்னர்' பதவிக்குத் 'துணைநிலை ஆளுநர்' என்ற மொழிபெயர்ப்பையும் தவிர்க்கலாம். புதுச்சேரி, டெல்லி நினைவு வந்துவிடும். அமெரிக்காவில் அது ஆளுநருக்கு அடுத்த இடம், ஆளுநர் விலகினாலோ இறந்தாலோ அந்த நாற்காலியில் வந்து உட்காருபவர். 'துணை ஆளுநர்' என்றால் போதும். இன்னொரு சிக்கல், சில மாநிலங்களில் இருவரும் ஒரே அணியாக நிற்பார்கள், ஒரே வாக்கில் இருவரும் ஜெயிப்பார்கள். ஒஹாயோ அப்படி. வர்ஜீனியாவில் இரண்டுக்கும் தனித்தனி வாக்கு. 2025 நவம்பர் 4 அன்று அங்கே ஆளுநராக அபிகெயில் ஸ்பான்பெர்கரும், துணை ஆளுநராக ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மியும் வென்றார்கள். ஹாஷ்மியை 'ஸ்பான்பெர்கர் நியமித்த துணை ஆளுநர்' என்று எழுதினால் அவர் தனியாக வாங்கிய வாக்குக்கு மரியாதை இல்லாமல் போகும்.

அதே வர்ஜீனியாவில் இன்னொரு விதி. ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகிக்க முடியாது. அதனால்தான் அப்போது ஆளுநராக இருந்த கிளென் யங்கின் 2025இல் களத்தில் இல்லை. 'பதவியில் இருந்தவர் தோற்றார்', 'பயந்து விலகினார்' என்று எழுத இடமே இல்லை. பதவிக்காலம் 48 மாநிலங்களில் 4 ஆண்டு, நியூ ஹாம்ப்ஷயரிலும் வெர்மான்டிலும் மட்டும் 2 ஆண்டு.

'அமெரிக்கா முழுவதும் ஆளுநர் தேர்தல்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அப்படி ஒரு நாள் அங்கே கிடையாது. அதிபர் தேர்தலோடு 11 மாநிலங்கள், அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலோடு 36 மாநிலங்கள். நியூ ஜெர்சியும் வர்ஜீனியாவும் அதிபர் தேர்தலுக்கு அடுத்த ஆண்டு, கென்டக்கி, லூசியானா, மிசிசிப்பி மூன்றும் முந்தைய ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தும் அந்த இரண்டு மாநிலங்களும் இரண்டு கணக்கிலும் வரும். கூட்டினால் 52 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 2025 நவம்பர் 4 அன்றே நியூயார்க் நகரத்தில் ஜெயித்த ஸோரான் மம்தானி மேயர், ஆளுநர் இல்லை. நியூயார்க் மாநில ஆளுநர் உட்காருவது ஆல்பனியில்.

உட்கட்சித் தேர்தலை இறுதி வெற்றியாக எழுதுவது அடிக்கடி நடப்பது. நம்மூரில் சீட்டு கட்சித் தலைமை கொடுப்பது. அங்கே பெரும்பாலும் வேட்பாளர் ஆவதற்கே வாக்காளரிடம் போக வேண்டும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த விவேக் ராமசாமி, ஒஹாயோ ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார். ட்ரம்ப்பும் உடனே ஆதரவு சொன்னார். அந்த ஆதரவு சீட்டும் இல்லை, நியமனமும் இல்லை. நம்மவர் என்ற ஆசையில் 'ஆளுநராகிறார்' என்று முந்திக்கொள்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. இப்படிப்பட்ட செய்தியில் 'முதல் இந்திய வம்சாவளி ஆளுநர்' என்ற அடைமொழியையும் யாருக்கும் சூட்ட முடியாது. லூசியானாவில் பாபி ஜிண்டால் 2007இலேயே வென்றுவிட்டார். தெற்கு கரோலினாவில் நிக்கி ஹேலி 2010இல் வென்றார்.

பிறப்பால் அமெரிக்கராக இருக்க வேண்டும் என்ற விதி அதிபருக்குத்தான். ஆஸ்திரியாவில் பிறந்த ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் கலிபோர்னியா ஆளுநரானார். அதுவும் வழக்கமான தேர்தலில் இல்லை. 2003இல் பதவியில் இருந்த கிரே டேவிஸைத் திரும்ப அழைக்க நடந்த வாக்கெடுப்பில். வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி: இவரை நீக்கலாமா, நீக்கினால் யார் வேண்டும்? இரண்டாவது கேள்விக்குக் கீழே 135 பெயர்கள். இதை 'இடைத்தேர்தல்' என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

அதிபர் தேர்தலின் வாக்காளர் குழுவையும், அதாவது மாநிலவாரியான பிரதிநிதிகள் வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், இங்கே இழுக்க வேண்டாம். ஆளுநருக்கு நேரடி வாக்கு எண்ணிக்கைதான், பெரும்பாலும் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி. வெர்மான்டில் மட்டும் யாருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். 2014 தேர்தலில் பீட்டர் ஷம்லின் முன்னிலையில் இருந்தும் பெரும்பான்மை கிடைக்காமல், 2015 ஜனவரியில் சட்டமன்ற வாக்கெடுப்பில்தான் உறுதியானார்.

அப்புறம் ஒன்று, தேர்தலே இல்லாத ஆளுநர்களும் அமெரிக்கச் செய்திகளில் வருவார்கள். 'ஆளுநர் லிசா குக்கை நீக்க ட்ரம்ப் முயற்சி' என்று 2025 ஆகஸ்டில் வந்த செய்தியைப் படித்துவிட்டு எந்த மாநிலம் என்று தேடினால் கிடைக்காது. அவர் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் ஆளுநர் குழுவில் இருப்பவர். நம் ரிசர்வ் வங்கிக்கு ஆளுநர் ஒருவர்தான். அங்கே குழுவின் 7 இடங்களுக்கும் அதே பட்டம், நியமிப்பவர் அதிபர், ஒப்புதல் தருவது செனட். இவர்களைப் பற்றி எழுதும்போது 'பெடரல் ரிசர்வ்' என்ற இரண்டு சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.